பால் காய்ச்சும் முன்

ஆடியில் குடிபோகக் கூடாது, மார்கழியில் கூடாது. ராகு காலம், எமகண்டம் தள்ளி நேரம் குறிக்க வேண்டும். விளக்கும் உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் உள்ளே போன பிறகுதான் மற்ற சாமான். வாடகை வீடாக இருந்தாலும் பால் காய்ச்சாமல் நம்மில் பலர் குடியேறுவதில்லை. வீடு மாறுவது பெரிய காரியம் என்பது நம் வழக்கத்துக்கு நன்றாகவே தெரியும். ஆனால் இவ்வளவும் பார்க்கும் வீட்டில், எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு விஷயம் தெரிவது பெரும்பாலும் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான். "அவன் பெரியவன், புரிஞ்சுக்குவான்" என்று அவனை விட்டுவிட்டு, அழுகிற நான்கு வயதுத் தங்கையைத் தூக்கிச் சமாதானப்படுத்துகிறோம். இங்கேதான் கணக்குத் தலைகீழாகிறது என்று நான் நினைக்கிறேன். வீடு மாறும்போது கூடுதல் கவனம் தேவைப்படுவது அந்தப் பெரிய பிள்ளைக்கு.

இதை வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. டென்மார்க்கில் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண் உண்டு. முகவரி மாறினால் அது அரசுப் பதிவேட்டில் ஏறிவிடும். அந்தப் பதிவேடுகளைக் கொண்டு, 1971 முதல் 1997 வரை அங்கே பிறந்த 14 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. பதினைந்து வயதுக்குள் ஊர் மாறியவர்களிடம், பின்னாளில் தற்கொலை முயற்சி, மனநோய், போதைப் பழக்கம், வன்முறைக் குற்றம் ஆகியவை மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தன. அந்தக் கூடுதல் உச்சத்தைத் தொட்டது 12 முதல் 14 வயதுக்குள் மாறியவர்களிடம். வீடு மாறிய பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இப்படி எதுவும் நேர்வதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பயமுறுத்துவதற்காக இதை எடுத்துக்காட்டவில்லை.

அடிக்கடி வீடு மாறும் குடும்பத்தில் ஏற்கெனவே கடனோ சண்டையோ இருக்கும், பாதிப்பு அதனால் வந்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டென்மார்க் ஆய்வில் வசதியான குடும்பங்களிலும் இதே போக்குத்தான் தெரிந்தது என்பது பாதி பதில். மீதிப் பதில் அமெரிக்காவில் இருக்கிறது. 1994 முதல் 1998 வரை பாஸ்டன், சிகாகோ, நியூயார்க் உள்ளிட்ட ஐந்து நகரங்களில், ஏழ்மை மிகுந்த அரசுக் குடியிருப்புகளில் இருந்த சுமார் 4,600 குடும்பங்களைச் சேர்த்துக் குலுக்கல் முறையில் ஒரு சோதனை நடத்தினார்கள். குலுக்கலில் வந்தவர்களுக்கு நல்ல பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி கிடைத்தது. யாருக்குக் கிடைக்கும் என்பதைக் குலுக்கல் தீர்மானித்ததால், குடும்பச் சிக்கல் இங்கே விடையைக் குழப்ப முடியாது. பொருளியலாளர் ராஜ் செட்டியும் உடன் ஆய்வாளர்களும் பிற்பாடு கணக்குப் பார்த்தார்கள். பதின்மூன்று வயதுக்கு முன் குடிபெயர்ந்த பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் ஏறக்குறைய 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அதைவிடப் பெரிய வயதில் போனவர்களுக்கு அந்த லாபம் இல்லை. சற்று நஷ்டம்கூடத் தெரிந்தது. போன இடம் நல்ல இடம்தான், ஆனாலும் வயது குறுக்கே நின்றது.

ஏன் என்பதற்கு என் விளக்கம் இது. நான்கு வயதுக் குழந்தையின் உலகம் அம்மா, பாட்டி, போர்வை, காது பிய்ந்த பொம்மை. எல்லாம் கூடவே வந்துவிடும். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் உலகம், ஒரே பெஞ்சில் உட்காரும் தோழன், டியூஷனுக்குச் சேர்ந்து சைக்கிள் மிதிக்கும் வழி, மாலையில் தெருக் கிரிக்கெட்டில் தனக்கென்று இருக்கிற இடம், தன் குணம் அறிந்த ஓர் ஆசிரியை. இவற்றில் ஒன்றைக்கூடக் குட்டியானை வண்டியில் ஏற்ற முடியாது.

முன்கூட்டிச் சொன்னால் அழுவான், படிப்பு கெடும் என்று பெற்றோர் தயங்குகிறார்கள். அழட்டும். தரகரோடு அப்பா போனில் பேசுவதும், இரவில் வாடகையைப் பற்றி அம்மா கவலைப்படுவதும் அவன் காதில் விழாமலா இருக்கும்? நாம் சொல்லாவிட்டால் அரைகுறையாகத் தெரிந்துகொள்வான், யாரிடமும் கேட்கவும் மாட்டான். வீடு தேடத் தொடங்கும்போதே சொல்லிவிட்டால் விடைபெறுவதற்கு அவனுக்குச் சில வாரங்களாவது கிடைக்கும். பார்க்கப் போகும் வீடுகளுக்கு அவனையும் அழைத்துப் போகலாம். முடிவானதும், புது வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை ஒருமுறை அவனோடு நடந்து பார்க்கலாம். பழைய நண்பர்களை வீட்டுக்கு அழைக்கும் தேதியைக் குடிபோகும் முன்பே குறித்து, சொன்னபடி அழைக்க வேண்டும். சின்னவளுக்கு வேண்டியது எளிது: அவள் பெட்டியைக் கடைசியில் கட்டி முதலில் பிரிப்பது, பழைய பொம்மைகளைக் கழித்துக்கட்ட இந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது.

நாள் பார்ப்பதிலும் பிள்ளைக்கு ஓர் இடம் உண்டு. தை பிறந்தால் குடிபோகலாம் என்று காத்திருக்கிறோம். ஆனால் தை முடிந்து சில வாரங்களில் பொதுத்தேர்வு. சித்திரையிலும் வைகாசியிலும் நல்ல நாள்களுக்குக் குறைவில்லை, அவற்றின் பெரும்பகுதி கோடை விடுமுறையில் வருகிறது. ஜூனில் எல்லோரும் புது வகுப்பில் நுழையும்போது இவனும் அவர்களில் ஒருவனாகிவிடுவான்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதெல்லாம் எப்படிச் சாத்தியம், ஒரு மாதத்தில் காலி செய் என்றால் செய்யத்தானே வேண்டும் என்பது நான் மிகவும் மதிக்கும் மறுப்பு. அந்த நிலையில் வீட்டைத்தான் உடனே மாற்றியாக வேண்டும்; பள்ளியையும் அதே வாரத்தில் மாற்ற வேண்டியதில்லை. பேருந்தில் போய்வர முடிகிற தூரம் என்றால் கல்வியாண்டு முடியும்வரை பழைய பள்ளியே இருக்கட்டும். முடியாதபோது, 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்புவரை துணைக்கு வருகிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது.

நாள் குறிக்கும் அதிகாரம் முழுவதும் அரசின் கையில் இருக்கும் குடும்பங்களும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் சென்னையில் ஆற்றங்கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற தொலைதூரக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. பல பிள்ளைகளுக்கு அது பள்ளி ஆண்டின் நடுவில் நேர்ந்தது. வெள்ள அபாயம் காத்திருக்காது என்று அதிகாரிகள் சொல்லலாம். ஆனால் சென்னையை மூழ்கடிப்பது அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை. மே மாதத்தில் மாற்றினால், அடுத்த மழைக்கு முன் ஐந்து மாதம் கையில் இருக்கும். பத்தாவது படிக்கும் பிள்ளையும் தன் தேர்வைத் தன் பழைய பள்ளியிலேயே எழுதி முடித்திருக்கும்.