டோக்கியோ போக 8 மணி, திரும்பி வர ஒன்பதரை மணி!

"போகும்போது எட்டு மணி நேரத்தில் போய்விட்டாரே அத்தை! திரும்பி வர மட்டும் ஏன் இவ்வளவு நேரம்?"

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து வீடுகளில் இப்படிப் பதறும் மருமகள்கள் உண்டு.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கொரியக் கம்பெனியின் கார் வெளிவந்தது. ஒரகடத்தில் 2010-ல் ஜப்பான், பிரான்சு கம்பெனிகள் கூட்டாக கார் தொழிற்சாலை திறந்தன. அதிலிருந்து இந்த வட்டாரத்தில் வெளிநாட்டுப் பயணம் என்பது சகஜமாகிவிட்டது. அங்கிருந்து என்ஜினீயர்கள் இங்கே வருகிறார்கள். இங்கிருந்து பயிற்சிக்கு அங்கே போகிறார்கள்.

சென்னையிலிருந்து டோக்கியோ சுமார் 6,500 கிலோமீட்டர். அதாவது 4,000 மைல்! கொரியாவின் சியோல் நகரம் கொஞ்சம் பக்கம். 5,300 கிலோமீட்டர்தான்.

2019 அக்டோபரில் சென்னையிலிருந்து டோக்கியோவுக்கு நேர் விமானம் பறந்தது. மறு வருடமே கொரோனா வந்தது. விமானம் நின்றது.

அப்படி நேராகப் பறந்தால் போக ஏறத்தாழ 8 மணி நேரம். திரும்பி வர ஒன்பதரை மணி நேரம். குளிர்காலத்தில் இன்னும் கூடும்.

தூரம் ஒன்றுதானே! பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

வானத்தில் ஓர் ஆறு

காரணம் காற்று!

தரையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு போல ஓடுகிறது. ஜப்பானுக்கு மேலே குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் அதிகம். போகும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளுகிறது. வரும் விமானம் அதை எதிர்த்து நீந்த வேண்டும். ஆற்றில் பரிசல் விடுகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இதை முதலில் அளந்தவரும் ஒரு ஜப்பானியரே! அவர் பெயர் வசபுரோ ஓயிஷி. 1923 முதல் 1925 வரை ஆயிரத்துக்கும் அதிகமான தடவை பலூன்களைப் பறக்கவிட்டுக் கணக்கெடுத்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று, எஸ்பெராண்டோ என்ற பொது மொழியில் 1926-ல் வெளியிட்டார். பாவம், அந்த மொழி யாருக்குத் தெரியும்? கவனித்தவர்கள் மிகச் சிலர்.

இரண்டாம் உலகப் போரில், 1944-ல், டோக்கியோ மீது பறந்த அமெரிக்க விமானங்கள் இந்தக் காற்றில் சிக்கித் திணறின. குண்டுகள் குறி தவறின. ஜப்பானோ அதே காற்றில் 9,000-க்கும் மேற்பட்ட குண்டு பலூன்களை அமெரிக்காவை நோக்கி அனுப்பியது!

கடிகாரம் செய்யும் மாயம்

வீட்டில் இருப்பவர்களைக் குழப்புவது இன்னொன்றும் உண்டு. ஜப்பான் கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிறது.

இங்கே நள்ளிரவு 12 மணிக்குக் கிளம்பினால், அங்கே இறங்கும்போது பகல் பதினொன்றரை. அங்கே மாலை 6 மணிக்குக் கிளம்பினால், இங்கே இறங்கும்போது இரவு 12 தான். கடிகாரத்தை மட்டும் பார்த்தால் வந்த நேரம் ஆறே மணி போலத் தோன்றும்! ஒன்பதரை மணி நேரம் உட்கார்ந்து வந்தவருடைய கால் வீக்கம்தான் உண்மையைச் சொல்லும்.

மீனம்பாக்கத்தில் இறங்கிய பிறகு ஒரகடம் போக வேண்டுமே! இது நாற்பது கிலோமீட்டருக்கு உள்ளேதான். ஆனால் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நேரத்தில், எப்போது வீடு சேர்வார் என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே, அத்தையும் மருமகளும் சோற்றை மூடி வைத்துவிட்டுக் கொஞ்சம் தூங்கலாம்.