பழைய வண்டிக்குப் புதிய உறுப்பு

திண்டுக்கல்லினின்று கரூருக்குச் செல்லும் பெருவழியில், குடகனாற்றையொட்டி வேடசந்தூர் என்னும் ஊர் உளது. சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் எம் மாணாக்கர் மூவருடன் யாம் அவ்வூருக்குச் செல்ல நேர்ந்தது. நம் கல்லூரியின் பழைய மாணாக்கரும், பல்லாண்டு ஆசிரியப் பணியாற்றி ஓய்வு பெற்றவருமாகிய பெரியவர் ஒருவர் எம்மை அழைத்திருந்தார். அவர் இல்லத்தின் பின்புறக் கொட்டகையில், தென்னோலைக் கீற்றுகளால் பாதி மூடப்பெற்று, ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ மோட்டார் வண்டி ஒன்று ஆறு ஆண்டுகளாக அசையாது நின்றது.

“உறுப்புக் கிடைக்கவில்லை என்று கைவிட்டார்கள். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று பிள்ளைகள் சொல்லுகிறார்கள். முடியுமானால் ஓடச் செய்யுங்கள். முடியாதானால் முடியாது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பிறகு நான் கேட்கமாட்டேன்,” என்றார் பெரியவர்.

அவ்வண்டியின் பொருட்டு யாம் கற்றவற்றை நம் மாணவர்க்கும் பழைய நண்பர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கடையிற் கிடையாத உறுப்பினை நாமே செய்துகொள்வது எங்ஙனம்? எதனைச் செய்யலாம்? எதனைச் செய்தலாகாது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண முயல்வோம்.

ஹெரால்டு நம் நாட்டு வண்டி என்று சொல்லத் தகும். இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த ட்ரயம்ப் ஹெரால்டின் வழியே, 1948-இல் சென்னையில் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தார் 1961 முதல் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் இதனைச் செய்து விற்றனர். இத்தாலியராகிய ஜியோவன்னி மிக்கெலொட்டி இதன் உருவத்தை வகுத்தார். பின்னர் நான்கு கதவுடைய வடிவமும், 1972-இல் ‘கஸல்’ என்னும் மாற்று வடிவமும் வந்தன. 1980-களின் இறுதியில் அந்நிறுவனத்தின் கார் உற்பத்தி நின்றது. செய்தவர் நின்றபின் உறுப்புகளும் கடைகளில் அருகின. ஆயினும் இவ்வண்டி பழுது பார்ப்பார்க்கு நட்பானது. அடிச்சட்டம் வேறு, மேலுடல் வேறு எனப் பிரிந்திருப்பதும், முன்மூடி முழுதும் முன்னோக்கிச் சாய்ந்து திறப்பதும் கைவேலைக்கு மிக்க உதவியாகும்.

கிடையாததைச் செய்துகொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள் (1893–1974) 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்துடன் தொழில் தொடங்கிப் பின்பு பெரும் பட்டறையும் நிறுவினார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் அருகியபோது, மதுரை டி. வி. எஸ். நிறுவனத்தார் அடுப்புக்கரியினின்று எரிவாயு உண்டாக்கும் கலங்களைச் செய்து வண்டிகளில் பொருத்தினர். கடல் கடந்து நோக்கினால், 1960-களில் அமெரிக்க வாணிகம் தடைப்பட்ட கியூபா நாட்டில், 1950-களின் அமெரிக்க வண்டிகள் உள்ளூர்க் கைவினையினாலேயே இன்றும் ஓடுகின்றன. இவை யாவும் தேவை கற்பித்த பாடங்கள்.

இனிச் செயலுக்கு வருவோம். முதற்பாடம் அளத்தல். புதிதாய்க் கற்பவர் பழைய உறுப்பைக் கழற்றி, அதனை அளந்து, அதுபோலவே ஒன்று செய்வர். இங்கேதான் முதற்பிழை நேருகின்றது. கழற்றிய உறுப்புத் தேய்ந்த உறுப்பு. அதனை அப்படியே படியெடுப்பின் தேய்மானத்தையும் சேர்த்தே படியெடுக்கின்றோம். ஆதலின் உராயாத ஓரங்களை அளத்தல் வேண்டும். வலப்பக்க உறுப்பை இடப்பக்கத்ததனோடு ஒத்துப் பார்த்தல் வேண்டும். அது பொருந்தும் துளையையும் தண்டையும் தனித்தனியே அளத்தல் வேண்டும். இன்னுமொரு நுட்பம் உண்டு. அக்காலத்து ஆங்கில வண்டிகள் அங்குலக் கணக்கில் வகுக்கப்பட்டவை. வெர்னியர் அளவுகோல் 12.6 மில்லிமீட்டர் என்று காட்டுமாயின், வகுத்தவர் எண்ணியது 12.7, அஃதாவது அரை அங்குலம் என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். உறுப்பை மட்டும் நோக்காது அதனை வகுத்தவரின் கருத்தையும் நோக்குதலே உண்மையான அளவை.

இரண்டாம் பாடம் மரை. ஹெரால்டு வண்டியின் போல்ட்டுகள் பெரும்பாலும் 60 பாகைக் கோணமுடைய ஒருங்கிணைந்த நுண்மரையின. அதற்கு முந்திய ஆங்கில இயந்திரங்களில் விட்வொர்த் என்பாரின் 55 பாகை மரை வழங்கிற்று. இற்றை நாளில் கடையிற் கிடைப்பதோ மில்லிமீட்டர் மரை. 5/16 அங்குல நுண்மரையின் குறுக்களவு 7.94 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கும் அதற்கும் கண்ணளவில் வேற்றுமை தோன்றாது. ஆனால் முன்னதன் மரையிடை ஏறத்தாழ 1.06 மில்லிமீட்டர், பின்னதன் மரையிடை 1.25 மில்லிமீட்டர். ஒன்றை மற்றொன்றிற் செலுத்தின் முதற் சுற்று ஏறும், அப்பால் இறுகும். இறுகிற்று என்று மகிழ்ந்து ஸ்பானரால் முறுக்குவோர் மரையை அழிப்பர். பெரியவர் வண்டியில் முன்னமே யாரோ இவ்வாறு அழித்த துளைகள் நான்கு இருந்தன. விரலாற் சுழற்றும்போதே முழுதும் ஏறாத நட்டு அதற்குரிய நட்டன்று என்பதனை மாணவர் மனத்திற் கொள்க.

மூன்றாம் பாடம் பொருள். முன்சக்கரக் கைகளில் உள்ள நைலான் புஷ்கள் பொடிந்து போயிருந்தன. திண்டுக்கல்லில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் மேஸ்திரி ஒருவர் நைலான் கட்டையினின்று புதியன கடைந்து தந்தார். திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். 2019-இல் அப்பூட்டு புவிசார் குறியீடும் பெற்றது. ஒவ்வொரு நெம்பையும் அரத்தால் இழைத்து அதனதன் சாவிக்கு இசையச் செய்யும் அவ்வூர்க் கைக்கு, ஒரு மயிரிழையளவு குறைப்பது பெரிதன்று. புஷ்கள் துளையிற் சிக்கென்று அமர்ந்தன. யாம் பெருமிதங் கொண்டோம்.

அப்பெருமிதம் ஐப்பசி மழை வரையே நீடித்தது. கொட்டகையில் நின்ற வண்டியை நாற்புறமும் அசைத்துப் பார்க்கையில், முன்சக்கரங்கள் முன்போல எளிதின் ஏறியிறங்கவில்லை. நைலான் காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிறிதே பருக்கும் இயல்பினது. வேடசந்தூரின் வறண்ட கோடையில் சிக்கென்று பொருந்துமாறு யாம் செய்தது மழைக்காலத்தில் இறுகிப் பிடித்துக்கொண்டது. பிழை மேஸ்திரியினதன்று, அளவு கொடுத்த எமதே. மீண்டும் கழற்றி, உட்துளையைச் சற்றே அகலமாக்கிப் பொருத்தினோம். புத்தகத்திற் படித்து மறந்ததனை மழை எமக்கு நினைவூட்டிற்று.

தாள், ரப்பர் முதலியவற்றிலும் இப்பொருளறிவே முதன்மையானது. நீர்ப்பம்பு, கியர்ப்பெட்டி மூடி முதலியவற்றின் கேஸ்கெட்டுகளை வீட்டிலேயே செய்யலாம். தக்க தடிப்புள்ள கேஸ்கெட் தாளை வார்ப்பின்மேல் விரித்து, ஓரங்களில் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிவரின், வார்ப்பின் விளிம்பே தாளை வெட்டித் தரும். போல்ட்டுத் துளையின்மேல் பழைய பேரிங் குண்டு ஒன்றை வைத்துத் தட்டினால் வட்டம் பிசகாது விழும். ஆனால் தடிப்பு மாறலாகாது. பெட்ரோல் பம்பின் அடியில் உள்ள தாள் தடித்துவிடின் நெம்பின் வீச்சுக் குறைந்து, இஞ்சினுக்குப் போதிய பெட்ரோல் ஏறாது. சிலிண்டர் தலைக்குரிய கேஸ்கெட்டோ வீட்டிற் செய்வதற்குரியதன்று. அது பெருவெப்பத்தையும் அழுத்தத்தையும் ஒருங்கே தாங்குவது.

ரப்பரைப் பற்றி ஒரு சொல். இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊதிக் கெடும். அதற்கென அமைந்த செயற்கை ரப்பரே வேண்டும். 2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலக்கும் நிலை வந்துவிட்டது. இந்நிலைமையை ஹெரால்டு வகுத்தவர் கனவிலும் கண்டிலர். எனவே எரிபொருள் செல்லும் குழாய்களையும் பம்பின் சவ்வையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றினோம். பழையதைப் பழையவாறே வைத்தல் எப்போதும் அறிவுடைமையன்று.

இனி மூன்றாம் வினா. ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த எஃகுத் தண்டின் அடிமுனை, ட்ரன்னியன் என்னும் வெண்கல உறுப்பினுள் மரையாய் ஏறியிருக்கும். சக்கரம் திரும்பும்போதெல்லாம் அம்மரையே திரும்பும். இதற்குக் கியர் எண்ணெய் இடுதல் வேண்டும். பலர் அறியாது கிரீஸ் இடுவர். கிரீஸ் மரையின் ஆழத்திற் செல்லாது. அடியில் நீர் தங்கி எஃகு துருவேறும். ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கும். பெரியவர் வண்டியில் இடப்பக்கத் தண்டு துருவால் மெலிந்திருந்தது. வெண்கல மரையும் தேய்ந்திருந்தது.

இவற்றையும் கடைந்து தருமாறு மேஸ்திரியை வேண்டினோம். அவர் உறுப்பைக் கையில் வாங்கி நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஐயா, கடைந்து தருவேன், பொருந்தவும் பொருந்தும். ஆனால் இந்த வெண்கலம் என்ன கலவை, இந்த எஃகு எப்படிப் பதம் பெற்றது என்று எனக்குத் தெரியாது. புஷ் தேய்ந்தால் சத்தம் வரும். இது போனால் சத்தம் வராது, சக்கரம் போகும். வாத்தியார் ஐயா பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார். நான் செய்யமாட்டேன்,” என்று கூறித் திருப்பித் தந்துவிட்டார்.

வேலையை மறுத்த அவ்வொரு சொல்லில், யாம் பல நூல்களிற் கண்டதினும் மிக்க பொறியியல் இருந்தது. உறுப்புகளை எளிது அரிது என்று பிரித்தல் போதாது. பழுதானால் முன்னறிவிப்புத் தருவன, தாராதன என்று பிரித்தல் வேண்டும். நீர் கசிந்தால் வண்டி நிற்கும், அவ்வளவே. ஸ்டியரிங் மூட்டும், பிரேக் உருளையின் ரப்பரும், சக்கரத் தண்டும் போனால் உயிர் போகும். பின்னவற்றை முறைப்படி சோதித்துச் செய்வாரிடமிருந்தே பெறுதல் வேண்டும்.

பெரியவர் முகம் வாடிற்று. ஆயினும் வழி அடைபடவில்லை. ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் வண்டியும் ஹெரால்டின் அடிப்படையிலேயே எழுந்தது. அவ்விரண்டையும் போற்றுவோர் மிகுந்திருத்தலால் இவ்வுறுப்புகள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாய்ச் செய்யப்படுகின்றன. தண்டும் ட்ரன்னியனும் அஞ்சல் வழி வந்து சேர இரண்டு திங்கள் ஆயின. எஞ்சியவற்றுள் புஷ்கள், கேஸ்கெட்டுகள், கதவுக் கைப்பிடியின் உள்நெம்பு, கண்ணாடியேற்றியின் சிறு சக்கரம் ஆகியன நம் நாட்டுக் கைவேலையே. அச்சிறு சக்கரத்தை முதலில் மாணாக்கர் முப்பரிமாண அச்சுப்பொறியால் செய்தனர். அதற்குக் கொண்ட பிளாஸ்டிக் 60 பாகை செல்சியசு வெப்பத்தை அண்டியதும் நெகிழ்வது. வெயிலில் நின்ற வண்டியின் கதவினுள் அது வளைந்துபோயிற்று. பிறகு அவ்வச்சுருவையே மாதிரியாகக் கொண்டு மணலில் வார்த்து அலுமினியத்தில் எடுத்தோம். புதிய கருவியும் பழைய வார்ப்பும் இவ்வாறு ஒன்றுக்கொன்று துணையாயின.

செய்த ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வரைபடம் எழுதி, அளவு, பொருள், செய்த நாள், விட்ட பிழை யாவும் குறித்து, ஒரு குறிப்பேட்டில் கோத்துப் பெரியவரிடம் அளித்தோம். இதனைச் சிறு செயலென்று எண்ணற்க. நம் நாட்டில் கைத்திறன் மிகுதி. எழுதி வைப்பார் சிலரே. மேஸ்திரி கண்மூடின் அவர் கையறிந்தது அவரோடு போகின்றது. அடுத்த முறை அதே புஷ் தேயும்போது, யாம் மழையிற் கற்றதை வேறொருவர் மீண்டும் மழையிற் கற்கத் தேவையில்லை.

நம் நாட்டுச் சட்டப்படி, சொந்த வண்டி பதினைந்து ஆண்டு கடந்தபின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி காட்டிப் பதிவைப் புதுப்பித்தல் வேண்டும். தைத் திங்களில் ஹெரால்டு அச்சோதனைக்குத் தானே ஓடிச் சென்று, தானே ஓடித் திரும்பிற்று. அன்று மாலை பெரியவர் மேஸ்திரியைத் தம் பக்கத்தில் அமர்த்தி, எம்மைப் பின்னிருக்கையில் ஏற்றி, ஆற்றுப்பாலம் வரை மெல்ல ஓட்டிச் சென்றார். வழியில் ஒரு சொல்லும் பேசவில்லை. பாலத்தில் வண்டியை நிறுத்தி, “நீங்கள் செய்து தந்ததற்கு மகிழ்ச்சி, இவர் செய்யமாட்டேன் என்றதற்கு நன்றி,” என்றார்.

செய்யத் தெரிதல் ஒரு கல்வி. செய்யலாகாததனை அறிந்து நிறுத்துதல் அதனினும் முதிர்ந்த கல்வி. நம் மாணவர் இரண்டனையும் பெறுவாராக.