கரையிலிருந்து ஒரு சான்று

கப்பல்களை ஒளிப்படம் எடுப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் உலகத் துறைமுகங்கள் பலவற்றிலும் உள்ளனர். அவர்களுக்கு வாய்ப்பான இடங்களுள் ஒன்று, துருக்கியின் இஸ்தான்புல் நகரை ஊடறுத்துச் செல்லும் பொஸ்போரஸ் நீரிணை. கருங்கடலையும் மர்மராக் கடலையும் இணைக்கும் இந்நீரிணை ஏறத்தாழ 31 கிலோமீட்டர் நீளமுடையது. மிகக் குறுகிய இடத்தில் இதன் அகலம் சுமார் 700 மீட்டரே. ஆதலால், பெருங்கப்பல்களும் கரைக்கு அருகிலேயே கடந்து செல்கின்றன.

கரையில் நிற்பவர் அழகை மட்டும் படம்பிடிப்பதில்லை. கப்பலின் பெயரும் கொடியும் மாறலாம். அதன் உடலில் பொறிக்கப்பட்ட ஏழிலக்கப் பன்னாட்டு எண் மாறுவதில்லை. பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டால், வேறு பெயரில் வருவதும் அதே கப்பல்தான் என்பது புலப்படும். கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்துள்ளது என்பதைக் காட்டும் குறிகளும் அதன் பக்கங்களில் உள்ளன. போகும்போது தாழ்ந்தும் திரும்பும்போது உயர்ந்தும் மிதந்தால், சரக்கு இறக்கப்பட்டிருக்கலாம் என உய்த்துணரலாம்.

சிரிய உள்நாட்டுப் போரின்போது ரஷ்யக் கடற்படைக் கப்பல்கள் இந்நீரிணையைக் கடந்து சென்றதை உலகம் அறிந்ததில், இப்பொழுதுபோக்காளர் எடுத்த படங்களுக்கும் பங்குண்டு. நாளும் நேரமும் குறிக்கப்படாத படம் வெறுங்காட்சியாகவே நின்றுவிடும். அவை குறிக்கப்பட்ட படமோ சான்றாகும்.