கார்த் துரத்தல் காட்சியின் சுவை: 'புல்லிட்' திரைப்படத்தை முன்வைத்து

முன்னுரை

திரைப்படத்தில் கார்த் துரத்தல் தரும் இன்பம் வேகத்தால் மட்டுமே விளைவது எனக் கருதுவோர் பலர். பீட்டர் யேட்ஸ் இயக்கிய 'புல்லிட்' (1968) இக்கருத்து முழுமையன்று எனக் காட்டுகிறது. சான் பிரான்சிஸ்கோவில் படமாக்கப்பட்ட இதன் துரத்தல் காட்சி ஏறத்தாழ 11 நிமிடங்கள் நீள்கிறது.

காத்திருப்பும் ஒலியும்

தொடக்கத்தில் வாகனங்கள் மெதுவாகவே செல்கின்றன. கொலையாளிகளின் டாட்ஜ் சார்ஜர், காவல் அதிகாரியின் ஃபோர்டு மஸ்டாங்கைப் பின்தொடர்கிறது. சற்று நேரத்தில் மஸ்டாங், சார்ஜரின் பின்நோக்குக் கண்ணாடியில் தோன்றுகிறது. வேட்டையாட வந்தோர் வேட்டைப்பொருளாகின்றனர். சார்ஜர் சீறிப் பாயும் கணத்தில் லாலோ ஷிஃப்ரினின் இசை நின்றுவிடுகிறது. அதன்பின் எஞ்சின் உறுமலும் டயர்களின் கிறீச்சொலியுமே கேட்கின்றன. அஞ்ச வேண்டிய இடத்தை இசை சுட்டாமையால், ஆபத்தைப் பார்வையாளரே அளவிட வேண்டியதாகிறது.

இடமும் எடையும்

செங்குத்தான சாலைகளில் கார்கள் எழும்பி விழும்போது அவற்றின் எடை புலனாகிறது. காட்சியில் தொடர்ச்சிப் பிழைகளும் உள்ளன: ஒரே பச்சை வோக்ஸ்வாகன் மீண்டும் மீண்டும் கடக்கப்படுகிறது, சார்ஜர் இழக்கும் சக்கர மூடிகள் நான்கினும் மிகுதி. எனினும் இவை சுவையைக் குலைப்பதில்லை. முன்செல்வது எது, பின்தொடர்வது எது, இடைவெளி எவ்வளவு என்பன தெளிவாக இருப்பதே காரணம். அத்தெளிவைக் காத்த ஃபிராங்க் கெல்லரின் படத்தொகுப்பு ஆஸ்கர் விருது பெற்றது.

முடிவுரை

ஆகவே துரத்தலின் சுவை, வேகத்தினும் மேலாக, காத்திருப்பு, நிலைமாற்றம், உணரத்தக்க எடை, இடத்தெளிவு ஆகியவற்றின் இயைபிலேயே அமைகிறது. இவை குன்றுமிடத்து, எத்துணை வேகமும் வெறும் இரைச்சலாகவே எஞ்சும்.