உரித்துப் போட்ட பிளாஸ்திரி

"மூணு நாள் ஒட்டியாச்சு, இனிமே அதுல என்ன இருக்கு?" என்கிறீர்களா? இருக்கிறது, அம்மா! புற்றுநோய் வலிக்கு டாக்டர் எழுதித் தரும் ஃபென்டனில் பிளாஸ்திரியை 72 மணி நேரம் கழித்து உரித்தாலும், ஒரு குழந்தையின் மூச்சையே நிறுத்துமளவு மருந்து அதில் மிச்சமிருக்கும். தவழும் குழந்தை எடுத்து வாயில் வைக்கலாம். பாட்டியோடு படுத்திருக்கையில் அதன் உடம்பில் ஒட்டிக்கொண்டாலும் ஆபத்துதான். உரித்த கையோடு, பசைப் பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டாக மடித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டுவிடுங்கள். குப்பைக் கூடை வேண்டவே வேண்டாம்.

மாமியார் வலியில் துடிக்கிறாரே என்று அதன்மேல் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். சூடு பட்டால் மருந்து மளமளவென்று இரத்தத்தில் ஏறும். காய்ச்சலடித்தாலும் இதே கதைதான், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எழுப்பியும் எழாமல் தூங்கினால், மூச்சு மெதுவானால், பிளாஸ்திரியை உரித்தெடுத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.