முந்திக்கொள்ளும் துடிப்பு

இரண்டு ஆண்டுகளுக்கு முன் 10ஆம் வகுப்பில் இதயப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் நான்கு அறைகளையும் வரைந்து எஸ்.ஏ. கணுவைக் குறிக்கும்போது, என் நெஞ்சுக்குள் மீன் ஒன்று துள்ளி விழுந்ததுபோல் இருந்தது. ஒரு கணம் எதுவும் இல்லை. பிறகு ஓங்கி ஓர் அடி. "படத்தைப் பார்த்து வரையுங்கள்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

அன்று மாலை சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பேருந்தில் வரும் வழியெல்லாம் என் விரல்கள் மணிக்கட்டிலேயே இருந்தன. ஏழெட்டுத் துடிப்பு ஒழுங்காக வரும், ஒன்று விடுபடும். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் எல்லாம் எப்போது கடந்தன என்றே தெரியவில்லை. சைவ மரபில் ஆறு ஆதாரத் தலங்களுள் சிதம்பரம் இதயத்திற்கு உரியது. அந்த ஊரில் வேலை பார்த்துக்கொண்டு, இதயப் பாடமும் நடத்திக்கொண்டு, மூன்று வாரம் பயத்தில் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

நடந்தது இதுதான். இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அதற்கான மின்தூண்டல் எஸ்.ஏ. கணுவில் தோன்றுகிறது. சில நேரம் இதயத் தசையின் வேறோர் இடம் முந்திக்கொண்டு தூண்டலை அனுப்பிவிடும். கேள்வி முடியும் முன்பே விடை சொல்லும் மாணவன் நம் எல்லோர் வகுப்பிலும் உண்டல்லவா, அதுபோல. அப்போது அறை நிரம்பும் முன்பே சுருங்குவதால், அந்தத் துடிப்பு பெரும்பாலும் மணிக்கட்டை எட்டுவதில்லை. அடுத்த துடிப்புக்குச் சற்றுக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. இரத்தம் அதிகம் நிரம்புகிறது. அடி பலமாக விழுகிறது. நின்றுவிட்டது என்று நான் அஞ்சியது உண்மையில் முந்தி வந்த துடிப்பு. மருத்துவர்கள் இதை எக்டோபிக் என்கிறார்கள். நலமாக இருப்பவர்களுக்கும் இது வருவதுண்டு.

சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் (எங்கள் பகுதியினருக்கு இன்றும் அது ராஜா முத்தையா மருத்துவமனைதான்) எடுத்த ஈ.சி.ஜி. சரியாகவே இருந்தது. அது சில விநாடிகளை மட்டுமே பதிவு செய்கிறது. அந்த விநாடிகளில் என் இதயம் ஒழுங்காக நடந்துகொண்டது. அதனால் ஹோல்டர் என்ற சிறு கருவியை 24 மணி நேரம் மார்பில் ஒட்டிக்கொண்டு பாடம் நடத்தினேன். அதில்தான் முந்திய துடிப்புகள் அகப்பட்டன. எக்கோவில் குறையில்லை, தைராய்டும் சரி. ஹீமோகுளோபின் மட்டும் 8.7. இரும்புச்சத்து மாத்திரை தந்தார்கள். ஓய்வறையில் குடிக்கும் மூன்று தேநீரை ஒன்றாகக் குறைத்தேன். சில மாதங்களில் படபடப்பு வெகுவாகக் குறைந்தது. முற்றிலும் நிற்கவில்லை. வந்தால் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் வரியை முடித்துவிட்டு ஒரு மூச்சு விடுகிறேன், அவ்வளவுதான்.

அந்த ஈ.சி.ஜி. தாளை வகுப்புக்கும் கொண்டுபோனேன். தாள் விநாடிக்கு 25 மி.மீ. நகர்கிறது, 5 மி.மீ. பெரிய கட்டம் ஒன்று 0.2 விநாடி. நிமிடத்திற்கு 300 கட்டங்கள். இரு துடிப்புகளுக்கு இடையே நான்கு கட்டம் இருந்தால் 300 ÷ 4 = 75. கணக்கில் பின்தங்கிய மாணவர்கள்கூட ஆர்வத்தோடு போட்டார்கள்.

எல்லாப் படபடப்பும் இப்படி எளிதானதல்ல. மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் சேர்ந்து வந்தால் 108ஐ அழைக்க வேண்டும். துடிப்பு எந்த ஒழுங்குமின்றித் தாறுமாறாக இருந்தால் அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். மேலறையில் இரத்தம் தேங்கி உறைந்து, மூளைக்குச் சென்று பக்கவாதம் தரக்கூடியது. வயதான பெற்றோரின் நாடியை அவ்வப்போது பிடித்துப் பாருங்கள்.

குழந்தைகளைப் பற்றி எழுதத்தான் இதைத் தொடங்கினேன். அதே ஆண்டு 8ஆம் வகுப்பில் ஒரு மாணவி, விளையாட்டு வேளையில் "நெஞ்சு படபடன்னு அடிக்குது டீச்சர், ஓட முடியல" என்றாள். சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்து, இன்னொரு சுற்று ஓடச் சொன்னேன். பாதியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கே படபடப்பு வந்தபிறகுதான் அந்த முகம் நினைவுக்கு வந்தது. பள்ளிக்கு வந்த ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடம் அவளை முதல் ஆளாகக் காட்டினேன். மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் நெடுநேரம் எடுக்கவில்லை.

கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் எக்கோ எடுத்தபோது ஈரிதழ் வால்வில் கசிவு தெரிந்தது. வாதக் காய்ச்சலின் விளைவு. 5 முதல் 15 வயதுக் குழந்தைகளுக்கு வரும் ஒருவகைத் தொண்டைப் புண்ணை உரிய மருந்தின்றி விட்டால், சிலருக்கு உடலின் எதிர்ப்பாற்றலே வால்வுகளைத் தாக்குகிறது. முன்னதாகக் காய்ச்சலோடு மூட்டுவலி முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு மாறி மாறி வரும். அவளுக்கும் வந்திருக்கிறது, வளர்கிற பிள்ளைக்கு வரும் வலி என்று வீட்டில் விட்டுவிட்டார்கள்.

21 நாட்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. பல ஆண்டுகள் தொடர வேண்டும். தவறினால் மீண்டும் காய்ச்சல் வந்து வால்வு மேலும் கெடலாம். ஊசி நாட்களை வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன். இப்போது 10ஆம் வகுப்பு படிக்கிறாள். அடுத்த ஊசி அரையாண்டு அறிவியல் தேர்வு நாளில் வருகிறது. ஒரு நாள் முன்னதாகப் போட முடியுமா என்று செவிலியரிடம் கேட்டிருக்கிறேன்.