சிகிச்சை முடிந்த பின்னர்

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிக் கிராமங்களிலிருந்து பொழுது விடியுமுன்னே பெண்கள் தோல், காலணித் தொழிற்சாலைகளுக்குப் பஸ் ஏறுகின்றனர். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் தோன்றிய புற்று நோய் நிலையத்திலோ மார்பகப் புற்று நோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்டவர்களும் நம்மிடையே உளர். வீடு திரும்பியதும் ஆஸ்பத்திரிச் சீட்டுகள் பரணுக்குப் போய்விடுகின்றன. பிழை அங்கேதான் தொடங்குகிறது.

எமது வட்டாரத்து அம்மையார் ஒருவர் அன்றாட மாத்திரையை எட்டு மாதங்கள் நிறுத்தியிருந்தார். காரணம் வினவியபோது, "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, ஐயா" என்றார். மருந்து வாங்கச் செல்லும் நாளில் கூலி போய்விடும் என்பதைப் பின்னரே சொன்னார். ஹார்மோனைச் சார்ந்து வளரும் வகைப் புற்றுக்கு டமாக்சிஃபென் போன்ற மாத்திரைகளைக் குறைந்தது 5 ஆண்டுகள், சிலர் 10 ஆண்டுகள் வரை உட்கொள்ள வேண்டும். நோய் திரும்பாமல் தடுப்பதே அதன் வேலை; ஆகவே உடல் நலமாயிருப்பது அதை நிறுத்தக் காரணமாகாது. மாதவிடாய் நின்ற பின் உதிரப்போக்குக் கண்டால் மட்டும் உடனே மருத்துவரிடம் கூற வேண்டும்.

ஆதலின் ஆஸ்பத்திரியை விட்டு வருமுன் ஒரே தாளில் எழுதி வாங்குக: எப்பக்கத்து மார்பு, என்ன அறுவை, என்னென்ன மருந்து, எந்த மாத்திரை எந்த ஆண்டு வரை, அடுத்து வர வேண்டிய தேதி. பொதுவாக முதல் 3 ஆண்டுகள் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒரு முறையும், அடுத்த 2 ஆண்டுகள் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒரு முறையும், அப்பால் ஆண்டுதோறும் பரிசோதனை வேண்டும். எஞ்சிய மார்பகத்துக்கு ஆண்டுக்கொரு மாமோகிராம் எடுக்க வேண்டும். அறிகுறி ஏதுமில்லாதவர் கடன் வாங்கி அடிக்கடி ஸ்கேன் எடுப்பது வீண் செலவே. ஆனால் புதிய கட்டி, தீராத எலும்பு வலி, மூச்சுத் திணறல் கண்டால் குறித்த தேதி வரை காத்திருத்தல் கூடாது.

அக்குளில் நிணநீர்க் கணுக்களை அகற்றியவருக்கு அப்பக்கக் கை ஆண்டுகள் பல கழித்தும் வீங்கக்கூடும். சுண்ணாம்பிலும் கத்தியிலும் புழங்குவோர் கையுறையின்றி வேலை செய்யலாகாது. கை சிவந்து காய்ச்சல் கண்டால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் செல்க. அதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருப்பதும் தவறு.

ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளருக்கு, சந்தா நிபந்தனைகள் நிறைவுற்றால், புற்று நோய்க்கு வேலை செய்ய இயலாத காலத்தில் 2 ஆண்டுகள் வரை கூலியில் 80 சதவீதம் உதவித் தொகை உண்டு. பலர் இதனைக் கேட்பதேயில்லை.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிராம சபையில் பெயர் சொல்லி நலம் விசாரிப்பது உதவியாகாது. அப்பெண்ணுக்கு அது வேதனையே. கிராம சுகாதாரச் செவிலியரிடம் தனியே சொல்லி, தாளிலுள்ள தேதிக்கு முந்தின வாரம் அவ்வீட்டுக்கு அவர் சென்று வர ஏற்பாடு செய்யுங்கள்.